வீட்டில் வாசிக்க ஒரு சின்ன கிட்டார் ஆம்ப்: குமரி எல்லைப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிட்டார் வாங்கின கையோடு ஆம்ப் (கிட்டாரின் ஓசையைப் பெருக்கிக் காட்டும் ஸ்பீக்கர் பெட்டி) வாங்கக் கிளம்புகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "இது எத்தனை வாட்?" என்பதுதான். வீட்டில் வாசிக்கப் போகிறவருக்கு அந்த எண் அவ்வளவாக உதவாது. சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்தால் இந்தப் பெட்டி எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள். நாம் தினமும் வாசிக்கப் போவது அந்தச் சத்தத்தில்தான். கூடத்தில் டிவி ஓடும், பக்கத்து அறையில் பிளஸ் டூ பிள்ளை படித்துக்கொண்டிருக்கும், பாட்டி மத்தியானம் கண் அசருவார்.

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, நாகர்கோவில் பக்கம் கிட்டார் பிடிக்கிற பிள்ளைகளில் நிறையப் பேர் கோவில் (சர்ச்) கொயரில் தொடங்கியவர்கள். அங்கே மிக்சரில் ஒரு வயரைச் செருகினால் வேலை முடிந்தது. வீட்டில் தனியாக உட்கார்ந்து பழகும்போதுதான் சொந்த ஆம்ப் தேவைப்படுகிறது. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கிட்டாரைப் பாருங்கள்

ஆம்ப் கடைக்குப் போகும் முன் கையில் இருக்கும் கிட்டார் எது என்று தெளிவாக இருக்கட்டும். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி) இல்லாத சாதா அக்கூஸ்டிக் என்றால் வீட்டுக்கு ஆம்பே வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல கம்பி மாற்றி, கம்பியின் உயரத்தைச் சரிசெய்து வாங்குங்கள். விரல் வலி பாதி குறைந்துவிடும்.

பக்கவாட்டில் குமிழ்களும் 9 வோல்ட் பேட்டரி அறையும் இருந்தால் அது எலெக்ட்ரோ அக்கூஸ்டிக். அதற்கு அக்கூஸ்டிக் ஆம்ப் என்றே தனியாக வருகிறது. மரத்தின் ஓசையை உள்ளபடி கேட்கச் செய்யும், உயர்ந்த ஒலிகளுக்காகச் சின்னதாக ஒரு ட்வீட்டரும் பெரும்பாலும் இருக்கும். இந்தக் கிட்டாரை எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்பில் செருகினால் கெட்டுப்போகாது, ஆனால் பெட்டிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி அடைத்துக் கேட்கும்.

பாஸ் கிட்டாருக்கு பாஸ் ஆம்ப்தான். கிட்டாரின் தடித்த கம்பி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, பாஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில். சின்ன கிட்டார் ஆம்பில் பாஸைச் செருகிச் சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் காகிதம் தாங்காது.

மீதி இருப்பது எலெக்ட்ரிக் கிட்டார். இனி சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

வீட்டில் ஏற்கெனவே ஹோம் தியேட்டர் இருக்கிறது, மாமா வீட்டில் அஹுஜா மைக் செட் இருக்கிறது, அதில் செருகினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சத்தம் வரும், ஆனால் கிட்டார் வராது. எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்பில் காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி இருக்கிறது. அதிலிருந்து வரும் சிக்னல் பலவீனமானது. அதைச் சிதையாமல் வாங்கிக்கொள்ள கிட்டார் ஆம்பின் நுழைவாயிலில் சுமார் 10 லட்சம் ஓம் மின்தடை வைத்திருப்பார்கள். மைக் ஜாக்கில் அது மிகக் குறைவு, அதனால் கிட்டாரின் பளிச்சென்ற ஓசை அங்கேயே அமுங்கிவிடும். இன்னொன்று, கிட்டார் ஆம்பில் இருக்கும் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாக அடங்கிப்போகும். அது ஒரு குறை மாதிரித் தோன்றும், ஆனால் டிஸ்டார்ஷனை (ராக் பாட்டுகளில் கேட்கும் கிட்டார் கரகரப்பை) இனிமையாக்குவதே அதுதான். அதே டிஸ்டார்ஷனை ஹோம் தியேட்டரில் கேட்டால் எண்ணெயில் கடுகு வெடிப்பது போலிருக்கும்.

வாட் கணக்கு

வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் வாட் பத்து மடங்கு ஆக வேண்டும். ஆக, 10 வாட் ஆம்புக்கும் 20 வாட் ஆம்புக்கும் சத்தத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரு சாதாரண ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபெல் அளவுக்குச் சத்தம் வரும். எதிரெதிரே உட்கார்ந்து பேசும் பேச்சு ஏறத்தாழ 60. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் வரம்பு பகலில் 55, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 45. இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வீட்டில் நாம் உண்மையில் செலவழிப்பது ஒரு வாட்டுக்கும் கீழே என்பது புரியும்.

பெரிய வாட் மேல் நமக்கு இருக்கும் மயக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. 1960-களில் மேடையின் மைக் அமைப்புகள் அவ்வளவு வலுவானவை அல்ல. மண்டபம் முழுக்கக் கிட்டார் கேட்க வேண்டுமானால் ஆம்பே அந்த வேலையைச் செய்ய வேண்டும். லண்டனில் 1962-இல் தொடங்கிய மார்ஷல் போன்ற நிறுவனங்களின் உயர்ந்த ஆம்ப் அடுக்குகள் அந்தத் தேவைக்குப் பிறந்தவை. இன்று மேடையிலேயே ஆம்புக்கு முன்னால் ஒரு மைக் வைத்துவிடுகிறார்கள். அறைக்குள் வாசிக்கிறவருக்கு அந்த அடுக்கு எதற்கு?

அப்புறம், வால்வு ஆம்ப். கண்ணாடிக் குழாய் மினுங்குவதைப் பார்த்தாலே ஆசை வரும், அதன் ஓசைக்கு இணையானது குறைவு என்பதும் உண்மை. ஆனால் அதை ஓரளவு சத்தமாக ஓட்டினால்தான் அந்த ஓசை கிடைக்கும். ஃபெண்டர் சேம்ப் வெறும் 5 வாட் பக்கம்தான், அதையே முழுக்கத் திருப்பினால் தெருக்கோடி வரை கேட்கும். போதாததற்குக் கனம், சூடு, தேய்ந்ததும் வால்வு மாற்றும் செலவு. முதல் ஆம்பாக வால்வு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

எந்த வகை, எந்த அளவு

மூன்று வகை இருக்கிறது. ஒன்று, சாதா டிரான்சிஸ்டர் ஆம்ப். கெயின் (டிஸ்டார்ஷன் அளவு), வால்யூம், பாஸ் (தாழ்ந்த ஒலி), மிடில் (நடு ஒலி), ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) என்று சில குமிழ்கள் மட்டும். ஃபெண்டர் ஃப்ரண்ட்மேன் 10ஜி, ஆரஞ்ச் கிரஷ் 12 போன்றவை இந்த வகை. விலை குறைவு, பழுது பார்ப்பது எளிது, எந்தக் குமிழ் என்ன செய்கிறது என்று காது சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, மாடலிங் ஆம்ப். உள்ளே ஒரு சிப் இருந்துகொண்டு பல பழைய ஆம்புகளின் ஓசையைப் போலச் செய்யும். எக்கோ, ரிவெர்ப் (பெரிய அறையில் வாசிப்பது போன்ற எதிரொலி), கோரஸ் மாதிரி மெருகுகள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ரோலண்ட் மைக்ரோ கியூப், 2011-இல் வந்த யமஹா டிஎச்ஆர் வரிசை எல்லாம் இதில் சேரும். டிஎச்ஆர் வரிசையை மேடையை மறந்துவிட்டு வீட்டு மேசைக்காகவே வடிவமைத்தார்கள். குறைந்த சத்தத்தில் நிறைவாகக் கேட்பதில் இந்த வகைதான் இப்போது முன்னால் நிற்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஃபோன் ஆப் இல்லாமல் பெட்டியிலிருக்கும் குமிழ்களை வைத்தே வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஆப்பை நம்பியே வாழும் ஆம்ப் அந்த ஆப் நிற்கிற நாளில் பாதி உயிர் இழந்துவிடும்.

மூன்றாவது, கிட்டார் ஜாக்கிலேயே செருகிக்கொள்ளும் ஹெட்போன் ஆம்ப். வாக்ஸ் ஆம்ப்ளக் மாதிரி. இரண்டு ரிமோட் பேட்டரி போதும். கடியப்பட்டணம், குளச்சல், தூத்தூர் மாதிரி வீட்டோடு வீடு ஒட்டியிருக்கும் கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கும், ராத்திரிதான் நேரம் கிடைக்கிறது என்பவர்களுக்கும் இதுவே முழு ஆம்பாக இருக்கலாம். கையில் காசு குறைவு என்றால் இதில் தொடங்குவதில் ஒரு தப்பும் இல்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வயருள்ள ஹெட்போன்தான் வேண்டும். புளூடூத் ஹெட்போனில் நீங்கள் கம்பியைத் தட்டிய பிறகு கொஞ்சம் தாமதித்துத்தான் ஒலி வரும், தாளம் பிடிக்கவே முடியாது. ஃபோனிலிருந்து பாட்டை ஆம்புக்கு புளூடூத்தில் அனுப்பி, அதோடு சேர்ந்து வாசிப்பதில் இந்தச் சிக்கல் இல்லை.

ஸ்பீக்கர் அளவைப் பொறுத்தவரை, 3 அங்குலத்தில் தடித்த கம்பிகள் மெலிந்து கேட்கும். 12 அங்குலம் அழகாகக் கேட்கும், ஆனால் அந்தப் பெட்டி 10 கிலோவைத் தாண்டும், அதைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் ஏறிப் பாருங்கள் தெரியும். ஒற்றை ஸ்பீக்கர் சாதா ஆம்ப் என்றால் 6 முதல் 8 அங்குலம் வீட்டுக்குச் சரியாக இருக்கும். டிஎச்ஆர் மாதிரி நன்றாகத் திட்டமிட்டுச் செய்த மேசை ஆம்புகளில் சின்ன ஸ்பீக்கர் இரண்டு வைத்தே நிறைவான ஓசையைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அதனால் அளவை மட்டும் நம்பாமல் காதை நம்புங்கள்.

கடையில் எப்படிச் சோதிப்பது

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரநாள் காலையில் போங்கள், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒன்றும் காதில் ஏறாது. உங்கள் சொந்தக் கிட்டாரைக் கொண்டுபோங்கள். கடையில் தொங்கும் விலை உயர்ந்த கிட்டாரில் எந்த ஆம்பும் நன்றாகத்தான் கேட்கும். நாகர்கோவில் என்றால் "அண்ணே", திருவனந்தபுரம் என்றால் "சேட்டா", மற்ற பெட்டிகளையும் ஃபேனையும் ஐந்து நிமிடம் நிறுத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். இசைக் கருவிக் கடைக்காரர்கள் இதற்கு முகம் சுளிப்பது அபூர்வம்.

பாஸ், மிடில், ட்ரெபிள் மூன்றையும் நடுவில், கடிகாரத்தின் 12 மணி நிலையில் வையுங்கள். ரிவெர்ப், எக்கோ எல்லாம் பூஜ்யம். ரிவெர்ப் போட்டுவிட்டால் மோசமான ஸ்பீக்கரும் நல்ல பெயர் வாங்கிவிடும். டிஸ்டார்ஷன் இல்லாத கிளீன் சேனலில், பக்கத்தில் நிற்பவரோடு குரல் உயர்த்தாமல் பேச முடிகிற அளவுக்கு வால்யூமை வையுங்கள். கடைக்காரர் கூட்டிக் காட்ட வருவார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது தடித்த கம்பியை மட்டும் தனியாக ஒரு தட்டு. ஓசை உருண்டு வருகிறதா, அட்டைப் பெட்டியைத் தட்டின மாதிரி "டொப்" என்று செத்து விழுகிறதா? அடுத்து ஒரு ஜி கார்டை மெதுவாக மேலிருந்து கீழே வருடுங்கள். ஆறு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். ஒரே குழம்பாக வந்தால் அடுத்த பெட்டிக்குப் போங்கள். பிறகு மெல்லிய கம்பியில் 12-ஆம் ஃப்ரெட்டில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்துங்கள். அது காதைக் குத்தாமல், மெலியாமல் கொஞ்ச நேரம் நிற்கட்டும்.

அடுத்தது பலரும் செய்யாத ஒரு சோதனை. வால்யூம் குமிழைப் பூஜ்யத்திலிருந்து 2 வரைக்கும் மட்டும், முடி அளவு முடி அளவாகத் திருப்புங்கள். சில மலிவு ஆம்புகளில் 1 வரை சத்தமே இருக்காது, 1-ஐத் தாண்டியதும் திடீரென்று அலறும். அந்தப் பெட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு தினமும் குமிழோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நல்ல பெட்டியில் சத்தம் படிப்படியாக ஏறும். கெயின், மாஸ்டர் வால்யூம் என்று இரண்டு குமிழ் தனித்தனியாக இருந்தால் இன்னும் நல்லது. கெயினைக் கூட்டி டிஸ்டார்ஷன் வரவழைத்து, மாஸ்டரைக் குறைத்து வீட்டுச் சத்தத்துக்குக் கொண்டுவரலாம்.

அந்த டிஸ்டார்ஷனைப் போட்டுக்கொண்டு கிட்டாரிலுள்ள வால்யூமை 10-லிருந்து 4-க்குக் குறைத்துப் பாருங்கள். ஓசை தெளிந்து கிளீனாக மாறினால் அந்த ஆம்ப் உங்கள் கைக்குப் பதில் சொல்கிறது. பிறகு கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிவிட்டுச் சும்மா இருங்கள். "உஸ்" என்று கொஞ்சம் இரையும், கெயின் கூடினால் அது இயல்பு. வாசிப்பதையே மூடுகிற அளவுக்கு இரைந்தால் வேண்டாம். கடைசியாக ஹெட்போன் செருகி ஸ்பீக்கர் உடனே நிற்கிறதா, ஃபோன் செருகும் 3.5 மில்லிமீட்டர் ஜாக் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

குறைந்த சத்தத்தில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், நம் காதின் அமைப்பே அப்படி. ஒலி குறையக் குறைய, தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் நடு ஒலிகளைவிட வேகமாக மங்கிப்போகும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இலேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டார்கள். கடையில் அலறவிட்டுக் கேட்ட ஆம்ப் வீட்டில் சப்பென்று இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

கரண்ட் விஷயம்

நம் பக்கத்தில் ஆம்ப் தேர்வில் இதற்குத் தனி இடம் உண்டு. ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும் ரப்பர் மரக் கிளை லைனில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பேட்டரியிலும் ஓடுகிற ஆம்ப் அப்போது கைகொடுக்கும். மைக்ரோ கியூப், பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா மினி இரண்டும் சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற ஏஏ பேட்டரி ஆறில் ஓடும். சார்ஜ் ஏற்றும் வகை பேட்டரி வாங்கிக்கொண்டால் செலவு குறையும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அது சைன் வேவா, ஸ்கொயர் வேவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கொயர் வேவில் ஃபேன் உறுமுவது போலவே ஆம்பும் உறுமும்.

உறுமல் மற்ற நேரங்களிலும் வந்தால் வரிசையாகப் பாருங்கள். கிட்டார் வயரைக் கழற்றிய பிறகும் இருந்தால் கோளாறு ஆம்பிலோ கரண்டிலோ. வயர் செருகினால்தான் வருகிறது, கம்பியைத் தொட்டால் குறைகிறது என்றால் கிட்டார் சுற்றுப்புற இரைச்சலை இழுக்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் இது சகஜம். எழுந்து கொஞ்சம் திரும்பி உட்காருங்கள், ஃபோன் சார்ஜரையும் எல்இடி விளக்கையும் தள்ளிவையுங்கள், குறையும். பழைய ஓட்டு வீடுகளில் எர்த் சரியாக இல்லாமலே இருக்கும். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்த்துவிடுங்கள். உறுமலைக் குறைக்கிறேன் என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கிற வேலையை ஒருபோதும் செய்ய வேண்டாம். உங்கள் விரல் இருப்பது உலோகக் கம்பியின் மேல், அந்தக் கம்பி ஆம்போடு இணைந்திருக்கிறது. உயிர் போகிற விஷயம்.

வளைகுடாவிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ ஆம்ப் கொண்டுவருகிறார் என்றால், பின்புறம் ஒட்டியிருக்கும் எழுத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நமக்கு வேண்டியது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். துபாய், அபுதாபியில் வாங்கியது பொதுவாக ஒத்துப்போகும், பிளக்கின் பின் மட்டும் சதுரமாக இருக்கும், அதை மாற்ற வேண்டும். சவுதியில் 60 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் போட்ட டிரான்ஸ்ஃபார்மர் இங்கே அளவுக்கு மீறிச் சூடாகலாம். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் ஆம்பை அப்படியே செருகினால் புகைதான். அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை, 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் எந்தக் கவலையும் இல்லை.

எங்கே வாங்குவது

நாகர்கோவிலில் கடைகள் இருக்கின்றன, ஆனால் பல வகை ஆம்புகளை அருகருகே வைத்து வாசித்துப் பார்க்க திருவனந்தபுரம் போவது நல்லது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வரியில் வித்தியாசம் இல்லை, வணிகவரிச் சோதனைச் சாவடியும் இல்லை. பில் கேட்டு வாங்குங்கள். பழுதானால் எந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கொச்சி என்று சொன்னால் அந்த அலைச்சலையும் விலையில் சேர்த்து யோசியுங்கள்.

பழைய ஆம்ப் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் உள்ளே தூசி, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகும், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். ஜாக் ஆடினால் சாலிடர் வேலை. ஸ்பீக்கர் காகிதம் கிழிந்திருந்தாலோ, தடித்த கம்பியில் காகிதம் உரசும் சத்தம் கேட்டாலோ விட்டுவிடுங்கள். கடலோர வீட்டிலிருந்து வரும் பெட்டி என்றால் ஜாக்கின் வாயிலும் பின்பக்க ஆணிகளிலும் பச்சையோ துருவோ பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பணத்தில் கொஞ்சம் நல்ல வயருக்கு ஒதுக்குங்கள். 3 மீட்டர் நீளமுள்ள, ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) உள்ள கிட்டார் கேபிள் போதும். ஸ்பீக்கர் வயரில் ஜாக் மாட்டித் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள், வீட்டு இரைச்சல் முழுவதையும் அது இழுத்துக்கொண்டு வரும்.

வீட்டுக்கு வந்ததும்

டைல்ஸ் தரை, வெறும் சுவர் உள்ள அறையில் ஆம்பை மூலையில் தரையில் வைத்தால் பாஸ் குமுறும். ஒரு ஸ்டூலில், சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி, உங்கள் காதைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். ஜன்னலுக்குத் திரைச்சீலை, தரைக்குப் பாய் போட்டால் எதிரொலி அடங்கும். ஸ்பீக்கர் காதைப் பார்த்தால் சத்தம் குறைவாகவே போதும். காலடியில் வைத்துக்கொண்டு கேட்கவில்லை என்று கூட்டுவதால்தான் அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார்.

முதல் மாதம் கிளீன் சேனலிலேயே வாசியுங்கள். பாஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றலாம், மிடிலைக் குறைக்க வேண்டாம். குறைந்த சத்தத்தில் கிட்டாரின் உடம்பு அங்கேதான் இருக்கிறது. டிஸ்டார்ஷன் தவறான விரலையும் மூடி மறைத்துவிடும் என்பதால் அதற்கு அவசரம் இல்லை.

வாசித்து முடித்ததும் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஸ்விட்சை அணைத்து, அப்புறம் கிட்டார் வயரைப் பிடுங்குங்கள். இடி மின்னல் தொடங்கினால் ஸ்விட்சை அணைத்தது போதாது, பிளக்கையே சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வாசிக்கப் போவதில்லை என்றால் பேட்டரிகளைக் கழற்றித் தனியாக வையுங்கள். கசிந்த பேட்டரி உள்ளே தகட்டை அரித்துவிட்டால் நல்ல ஆம்பும் மேசையோடு கிடக்க வேண்டியதுதான்.